காலண்டர் தாளில் ஒரு பேருந்து

என் தங்கை வரைந்த படப்புத்தகங்கள் ஐந்து என்னிடம் இருக்கின்றன. எதிலும் அவள் தேதி போடவில்லை. ஆனாலும் எது எந்த ஆண்டு வரைந்தது என்று என்னால் சொல்ல முடியும். பழைய மாதக் காலண்டர்களின் தாள்களை அளவாக வெட்டி, முதுகில் வெள்ளை நூலால் தைத்து அவள் புத்தகம் செய்வாள். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு மாதம் இருக்கும். 1980இன் தாள்களில் இருப்பதை 1981இல்தான் வரைந்திருக்க முடியும். ஆண்டு முடிவதற்குள் யாரும் காலண்டரைக் கழற்றித் தரமாட்டார்கள். தல்லாகுளத்தில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் சுவருக்குச் சுவர் தொங்கியவற்றை, ஜனவரி பிறந்ததும் சுருட்டி எடுத்துக்கொண்டுபோய் அவளிடம் கொடுத்தவன் நான்தான். நல்ல கெட்டித்தாள், பின்பக்கம் வெள்ளை.

தேதி குறிப்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே உள்ள பழக்கம். வாங்கிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் நாளும் ஊரும் எழுதாமல் படிக்கத் தொடங்கமாட்டேன். இந்த ஐந்தில் மட்டும் இதுவரை எதையும் எழுதவில்லை.

தங்கைக்குப் பேச்சு திக்கும். எல்லாச் சொல்லும் திக்காது. 'க'வில் தொடங்குவது, 'ப'வில் தொடங்குவது, இந்த இரண்டும்தான். அண்ணே என்று என்னைத் தங்கு தடையில்லாமல் கூப்பிடுவாள். அடுத்த சொல் 'ப'வில் வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். கண் இரண்டு தரம் மூடித் திறக்கும். கழுத்து நரம்பு புடைக்கும். அதற்குள் எதிரில் இருப்பவர் அந்தச் சொல்லைத் தானே சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்.

அப்போது எங்கள் வீடு கோரிப்பாளையத்தில். அந்தப் பெயரைக் கண்டக்டரிடம் சொல்ல அவளால் முடியாது. அதனால் அடுத்த நிறுத்தமான தல்லாகுளத்துக்கு டிக்கெட் எடுப்பாள். 1970 வாக்கில் ஒருநாள் நானும் அதே பேருந்தில் பின்னால் நின்றிருந்தேன். கோரிப்பாளையத்தில் அவள் இறங்கப் போனாள். கண்டக்டர் டிக்கெட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, தல்லாகுளம் இன்னும் வரல. தூங்கி முழிச்சியா? உள்ள போய் நில்லு."

பேருந்தில் நாலு பேர் சிரித்தார்கள். அவள் உள்ளே போய் நின்றாள். தல்லாகுளத்தில் இறங்கி, வெயிலில் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். அவளோடு இறங்கி நானும் கூடவே நடந்தேன். வழியில் ஓர் இடத்தில் நின்று, "தூங்கல, இங்க தர்காவுல சாமி கும்பிட எறங்குறேன்னு சொல்லியிருக்கலாம்ல அண்ணே?" என்றாள். "சொல்லியிருக்கலாமே" என்றேன். "கும்பிடவும் 'க'தான" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த 'கும்பிட'வை மட்டும் அன்று எப்படித் திக்காமல் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. சிரிக்கும்போதும் பாடும்போதும் அவளுக்குத் திக்காது.

பாட்டு அவளுக்கு நன்றாக வரும். 1977 ஆவணியில் உசிலம்பட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம் நாங்கள் எதையும் மறைக்கவில்லை. மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. மானாவாரி நிலமும் நாலு மாடும் உள்ள வீடு. அவருடைய அக்கா, கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவர், எல்லாவற்றையும் முன்னின்று பேசினார்.

"திக்குனா என்ன? பேசிப்பேசி யாரு கோட்டை கட்டுனா? எந்தம்பி பேச்சையும் சேத்து நானே பேசிட்டுத்தான் இருக்கேன். இவ பேச்சையும் சேத்துப் பேசுறேன்."

சொன்னபடியே செய்தார். அந்த அக்காவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் தங்கையை அவ்வளவு பிரியமாக வைத்துக்கொண்டவர் வேறு யாரும் இல்லை. கடைக்காரரிடம், கண்டக்டரிடம், மாட்டு வியாபாரியிடம் எல்லாம் தங்கைக்காக அவரே பேசுவார். தங்கை அவரை மதினி என்று கூப்பிடுவாள். அதில் திக்காது.

1979 பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. அந்த வீட்டு வழக்கப்படி குழந்தைக்கு இறந்துபோன மாமியாரின் பெயர். அத்தை முறைக்காரி குழந்தையின் காதில் மூன்று தரம் பெயர் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் அக்கா குனிந்து சொன்னார். 'ப'வில் தொடங்கும் பெயர். நான் தங்கையைப் பார்த்தேன். குழந்தையின் கன்னத்தில் மை வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. தாய் கூப்பிட முடியாத பெயரைக் குழந்தைக்கு வைக்கிறோம் என்று அங்கே இருந்த யாருக்கும் தோன்றவில்லை. முன்னோர் பெயர் அது. அதை எப்படி மாற்றுவது?

அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. திக்குகிறவரைக் கேலி செய்து திக்கினால் தனக்கும் திக்கு வந்துவிடும் என்பார்கள். பேச்சு பழகும் பிள்ளை திக்குகிறவர் வாயைப் பார்த்து வளர்ந்தால், கேலி இல்லாமலே ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். தெருவில் அதற்குச் சாட்சியாக யாராவது ஓர் ஆளைக் காட்டுவார்கள். மதுரையில் ஒரு மருத்துவரிடம் கேட்டோம். அப்படியும் சொல்கிறார்கள், இல்லையென்றும் சொல்கிறார்கள் என்றார். நான் நூலகத்தில் தேடிப் பார்த்ததிலும் அதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை.

யாரும் தங்கையைக் கட்டாயப்படுத்தவில்லை. அக்கா ஒருமுறை தயங்கித் தயங்கி, "புள்ள வாய் திருந்துற வரைக்கும் கொஞ்சம் பாத்துப் பேசு ஆத்தா" என்றார். அவ்வளவுதான். முடிவு எடுத்தது தங்கை. அடுத்த முறை நான் போனபோது தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொன்னாள்.

"நா இதுகிட்டப் ப்... ப்... பேசப்போறதில்ல அண்ணே. நல்லா ப்... பேச்சு ப்... பழகட்டும். அப்பறம் ப்... பேசிக்கிறேன்."

"எம்புட்டு நாளைக்கு?"

"ப்... ப்... பள்ளிக்கூடம் ப்... போற வரைக்கும். அம்புட்டுத்தான?"

அப்படித்தான் ஆரம்பித்தது. குழந்தை முன்னால் அவள் பாடுவாள், சிரிப்பாள். குழந்தையைக் கூப்பிட இரண்டு தரம் கை தட்டுவாள். தவழும் வயதிலேயே என் மருமகள் அந்தத் தட்டுக்குத் திரும்பிப் பார்த்தாள். கணவரிடமும் மதினியிடமும் பேச வேண்டியதை அடுப்படியில், குழந்தை இல்லாத நேரம் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசினாள். தெருப் பெண்கள் ஊமைச்சி என்றார்கள். அவள் அதைத் திருத்தவில்லை.

ஆனால் ஒரு பிள்ளையோடு பேசாமல் எப்படிப் பொழுதுபோவது? அதற்குத்தான் காலண்டர் தாள். எழுத்து இல்லாத படப்புத்தகம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தாள்தாளாகத் திருப்புவாள். முதல் புத்தகம் முழுக்க அவர்கள் வீட்டுச் செவலைப் பசு. மேய்ந்து, நனைந்து, கன்று ஈன்று, கடைசித் தாளில் கன்றை நக்கிக்கொண்டு நிற்கிறது. நிறத்துக்கு மஞ்சள் பொடி, அடுப்புக்கரி, துணிக்குப் போடும் நீலம். பிறகு நான் கிரேயான் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது புத்தகம் உசிலம்பட்டிச் சந்தை. மூன்றாவதிலும் நான்காவதிலும் ஒரு பனைமரமும் அதில் வந்து உட்காரும் பறவைகளும். பிள்ளை படத்தைப் பார்த்துத் தானே கதை சொல்லும். அம்மா தலையாட்டுவாள். தாளைப் புரட்டிப் பின்பக்கத்து எண்களைப் பார்த்தே, யாரும் சொல்லித் தராமல், முப்பது வரை எண்ணக் கற்றுக்கொண்டது. முப்பத்தொன்று எல்லா மாதத்திலும் இல்லை என்று அதற்கு ஒரே குறை.

பிள்ளைக்கு மூன்றரை வயது இருக்கும்போது, 1982 தீபாவளிக்கு நான் போயிருந்தேன். வாசலில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தது.

"மாமா, ப... ப... பட்டாசு?"

ஓடிவந்த மூச்சிரைப்பு என்றுதான் நினைத்தேன். பின்னால் நின்ற தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அப்படி இல்லை என்று தெரிந்தது.

இரத்தத்தில் வருவது காதை மூடினால் வராமல் போய்விடாது என்று இன்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். அன்று அக்கா, அடுப்படியில் தாழ்ந்த குரலில் பேசியதும் பிள்ளை காதில் விழுந்திருக்கும் என்றார். அன்றிலிருந்து தங்கை அடுப்படியிலும் பேச்சைக் குறைத்தாள்.

அடுத்த ஆண்டு, 1983 முழுக்க, நான் தேடியது ஒன்றைத்தான். திக்குகிற ஒரு பிள்ளை வருகிற படப்புத்தகம். மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளில் பார்த்தேன். வேன்களில் வைத்து விற்கும் அயல்நாட்டுப் படப்புத்தகங்களில், வழவழப்பான தாளில் கரடியும் நரியும் திருத்தமான தமிழ் பேசின. மிஷன் பள்ளி நூலகத்தில் வேலை பார்த்த நண்பர் இரண்டு அலமாரிகளைத் திறந்து காட்டினார். திக்குகிறவர் கதைகளில் இல்லாமல் இல்லை. வேலைக்காரராக வருவார், அல்லது திருடராக வருவார். வாயைத் திறந்ததும் மற்றவர்கள் சிரிப்பார்கள். சினிமாவிலும் அப்படித்தான். இதைத் தங்கையிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஜனவரி பிறந்ததும் அந்த ஆண்டுக் காலண்டர்களை மட்டும் சீக்கிரம் கொண்டுவரச் சொன்னாள்.

ஐந்தாவது புத்தகம் 1983ஆம் ஆண்டின் தாள்களில் இருக்கிறது. 1984 கோடையில் அதை முடித்தாள். அவள் எழுத்துப் போட்ட ஒரே புத்தகம் அதுதான்.

அது ஒரு டவுன் பஸ்ஸின் கதை. உசிலம்பட்டியில் அப்போது அப்படி ஒரு வண்டி உண்மையிலேயே உண்டு. காலையில் மதுரைக்குக் கிளம்பும். தள்ளாமல் கிளம்பாது. என் மாப்பிள்ளை உட்பட ஊரே இறங்கித் தள்ளும். தங்கை அந்த வண்டிக்கு ஒரு வாயும் இரண்டு கண்ணும் வைத்திருந்தாள். வண்டி நிற்கிறது. அதற்குச் சொல்ல ஏதோ இருக்கிறது, வரவில்லை. வெற்றிலைக்காரர் திட்டுகிறார். சட்டை போட்ட ஆள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு பெண்பிள்ளை மட்டும் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். வண்டி உதறுகிறது, கிளம்புகிறது, மேட்டில் மறுபடி நிற்கிறது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் கீழே அதே இரண்டு வரி, அவள் கையெழுத்தில்: பஸ்ஸு நிக்குது. பஸ்ஸு கெட்டுப்போகல. கடைசித் தாளில் கண்டக்டர் அந்தப் பெண்பிள்ளையிடம் எந்த ஊர் என்று கேட்கிறார். அவள் வாய் திறந்திருக்கிறது. அவள் சொல்லி முடிக்கட்டும் என்று பஸ், வெற்றிலைக்காரர், சட்டைக்காரர், மேலே கட்டிய கோழிக்கூடை எல்லாம் திரும்பிப் பார்த்துக் காத்திருக்கின்றன.

இதைப் படித்துக் காட்ட வேண்டுமானால் பேச வேண்டும். அதுவும் 'ப'விலேயே. தெரிந்துதான் எழுதியிருக்கிறாள். பிள்ளை இப்போது திக்குகிறது. இனி மறைக்க என்ன இருக்கிறது? தானும் அப்படித்தான் என்று பிள்ளைக்குத் தெரியட்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் அங்கே இருந்தேன். பிள்ளை தெருவிலிருந்து அழுதுகொண்டு வந்தது. வேப்பமரத்தடியில் விளையாடிய பிள்ளைகள் அதன் பெயரை நீட்டி நீட்டி, ப்-ப்-ப் என்று சொல்லிக் கும்மி அடித்திருக்கிறார்கள். வாசல் வரைக்கும் அந்தச் சத்தம் பின்னாலேயே வந்தது. அக்கா வெளியே ஓடி, "எந்தச் சிறுக்கிடி எம்புள்ளைய வஞ்சது? நாக்கு அழுகிப்போகும்டி ஒங்களுக்கு!" என்று விரட்டிவிட்டு வந்தார்.

தங்கை இரண்டு தரம் கை தட்டினாள். பிள்ளை வந்து மடியில் உட்கார்ந்தது. அவள் புதுப் புத்தகத்தை எடுத்தாள். முதல் தாளைத் திருப்பினாள். பிள்ளை வண்டிக்கு வாய் இருப்பதைப் பார்த்து அழுகையோடு சிரித்தது. தங்கை வாயைத் திறந்தாள்.

"ப்... ப்... ப்..."

பிள்ளை நிமிர்ந்து அம்மாவின் வாயைப் பார்த்தது.

"ப்... ப்... பஸ்ஸு..."

அந்த முகம் மாறியதை நான் பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியாத முகம். பிறகு தெருவில் அடிபட்ட அதே முகம்.

"நீயுமா?" என்றது. "நீயுமா என்னயக் க... கேலி பண்ற?"

தங்கை தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்தப் பதற்றத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. உதடுதான் துடித்தது. பிள்ளை மடியிலிருந்து இறங்கி ஓடி, அத்தையின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"அடி கூறுகெட்ட சிறுக்கி, ஒங்காத்தா கேலி பண்ணலடி. அவளுக்கும் வாய் அப்படித்தான்" என்றார் அக்கா.

"பொ... பொய். அம்மா பாடும்ல? பாட்டுல ஒரு தடவகூட தி... திக்கலயே?"

நானும் மாப்பிள்ளையும் எவ்வளவோ சொன்னோம். ஐந்து வருடம் தினமும் கேட்ட பாட்டை வைத்து அது நியாயம் பேசியது. நாங்கள் சேர்ந்துகொண்டு அம்மாவுக்காகப் பொய் சொல்கிறோம் என்றே நம்பியது. தங்கை புத்தகத்தை மூடி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். அன்று சாயங்காலம் அவள் தொட்டிப் பக்கம் மாடுகளோடு நின்றுகொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

அடுத்த வாரமே அக்காவும் மாப்பிள்ளையும் முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

"தம்பி, தாய் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தா இது தேறாது. அன்னைக்கு நீங்களே பாத்தீகள்ல? மதுரையில ஒங்க வீட்ல வச்சு ஒண்ணாப்புல சேத்துவிடுங்க. அங்க நாலு புள்ளைக நல்லாப் பேசுறதக் கேட்டா சரியாயிரும்."

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். பள்ளிக்கூடம் போகும் வரைக்கும்தான் பேச மாட்டேன் என்று சொன்னவள். பள்ளிக்கூடம் வந்துவிட்டது. பிள்ளை போகிறது.

1984 ஜூனில், பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் காலை, நானும் மருமகளும் அந்த மதுரை வண்டியில் ஏறினோம். பிள்ளைக்கு ஜன்னலோரம். கீழே மாப்பிள்ளையும் அக்காவும் தங்கையும். மாப்பிள்ளை வழக்கம்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றார், தள்ளுவதற்கு. அக்கா ஜன்னலில் கையை விட்டுப் பிள்ளையின் கன்னத்தை வழித்து முத்தமிட்டார். "போயிட்டு வா ஆத்தா, மாமன் வீட்ல சேட்டை பண்ணாத, வெயில்ல அலையாத" என்று எல்லோருடைய பேச்சையும் சேர்த்து அவரே பேசினார். தங்கை ஒரு துணிப்பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். உள்ளே பாவாடைகளும், அடியில் பஸ் புத்தகமும் இருந்தன.

பிறகு அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். பிள்ளையைப் பார்த்து வாயைத் திறந்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. கண் இரண்டு தரம் மூடித் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பிள்ளை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை.

அன்று ஒருநாள் அந்த வண்டி தள்ளாமலே கிளம்பியது.

சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. ஆட்கள் கைதட்டினார்கள். பின்னால் மாப்பிள்ளை வெறுங்கையோடு நின்றார். தங்கை கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் கூடவே வந்தாள். வாய் அதே இடத்தில் நின்றது. அப்புறம் அவள் கையை விட்டுவிட்டாள்.

சந்தை தாண்டியதும் பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"மாமா, அம்மா 'ப'வுல நின்னுச்சு."

"ஆமா ஆத்தா."

"எனக்கும் க... கண்ணு அப்படித்தான் மூடும். வெளிய யாருக்கும் தெ... தெரியாதுன்னு நெனச்சேன்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா நெசமாத்தான் திக்குது" என்றது.

"ஆமா."

"பின்ன ஏன் மாமா எங்கிட்டப் பேசவே இல்ல?"

உனக்குத் திக்கக் கூடாதென்றுதான் என்று ஒரு குழந்தையிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். அது ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. இரண்டு பக்கமும் விதைப்புக்கு உழுது போட்ட செம்மண் காடு. "திரும்பிப் போவமா?" என்று கேட்டது. சனிக்கிழமை போகலாம் என்றேன்.

சனிக்கிழமை போனோம். நிறுத்தத்தில் தங்கை நின்றிருந்தாள். பிள்ளை இறங்குவதைப் பார்த்ததும் பழக்கத்தில் இரண்டு தரம் கை தட்டினாள்.

பிள்ளை ஓடிப்போய் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டது.

"கை தட்டாதம்மா. பேரச் சொல்லிக் கூ... கூப்பிடு."

தங்கை வாயைத் திறந்தாள். ஐந்து வருடமாகப் பிள்ளை முன்னால் அடக்கி வைத்த குரல் அது. 'ப'வில் நின்றது. பிள்ளை காத்திருந்தது. ஜன்னலில் கை வைத்துக்கொண்டு காத்திருந்த அந்தப் படத்துப் பெண்பிள்ளையைப் போலவே, அவசரப்படாமல் அம்மாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. எங்களை இறக்கிவிட்ட வண்டி போய்விட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கையின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. பெயர் வரவில்லை.

வெகுநேரம் கழித்து, பிள்ளை தன் இரண்டு கைகளாலும் அம்மாவின் இரண்டு கைகளைப் பிடித்தது. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து, தானே இரண்டு தரம் தட்டிவிட்டது.